உட்கருவில் விழும் பழுப்பு

மார்பகம், நுரையீரல், குடல், சிறுநீரகம், தோல் என்று எந்த உறுப்பிலிருந்து பயாப்சி வந்தாலும், அதைப் படிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர் அடிக்கடி தேடுவது ஒரே நிறத்தைத்தான்: நீல உட்கருவின் மேல் ஏறியிருக்கும் பழுப்பை. ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி காட்டும் நிறம் அது. செல்லின் சவ்வில் விழும் பழுப்புக்கும், சைட்டோபிளாசத்தில் விழும் பழுப்புக்கும் அவற்றுக்குரிய பொருள் உண்டு. ஆனால் உட்கருவில் நிறமேறி நிற்பவை பெரும்பாலும் படியெடுப்புக் காரணிகள். அந்தச் செல் எந்த மரபணுக்களைப் படிக்கலாம், எவற்றை மூடியே வைக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் அவை. புற்றுநோய் பிறப்பதிலும், கொழிப்பதிலும், பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி வேறு உறுப்பில் குடியேறுவதிலும் அவற்றின் கை இருக்கிறது. அதனால்தான் இந்த ஸ்டெயின்களை வெறும் அடையாளச் சீட்டுகளாக என்னால் பார்க்க முடிவதில்லை. பழுப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, ப்ளஸ் மைனஸ் போட்டு அடுத்த ஸ்லைடுக்கு நகர்வது இந்த வேலைக்குப் போதவே போதாது. எந்தச் செல்லில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக, பக்கத்து நல்ல செல்லோடு ஒப்பிட்டால் எப்படி, எந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது என்று பார்க்கும்போதுதான் கட்டி தன் நடப்பைக் காட்டத் தொடங்குகிறது.

நம் உடலில் உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. கல்லீரல் செல்லிலும் கண்ணின் செல்லிலும் எழுத்து ஒன்றுதான். படிக்கப்படும் பகுதிகள்தான் வேறு. கட்டட வேலையில் மேஸ்திரி தன் கையால் ஒரு செங்கல்லும் அடுக்காமல் இருக்கலாம். ஆனால் சுவர் எங்கே, வாசல் எங்கே, எந்த உயரத்தோடு நிறுத்துவது என்பதெல்லாம் அவர் சொல்தான். படியெடுப்புக் காரணியும் அப்படித்தான். டி.என்.ஏ.யில் தனக்குரிய ஒரு சிறு எழுத்துக்கோவையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். அருகிலுள்ள மரபணுவைப் படிக்கத் தேவையான புரதங்களை வரவழைக்கும், அல்லது வரவிடாமல் தடுக்கும். மனித உடலில் இப்படிப்பட்டவை சுமார் 1,600 உண்டு. இவற்றில் ஒன்றிரண்டுக்கே எவ்வளவு வலிமை என்பதை இரண்டு சோதனைகள் காட்டின. 1987-இல் சியாட்டிலில் ஹெரால்ட் வைன்ட்ராப் குழுவினர், மையோ-டி என்ற ஒரே ஒரு காரணியை இணைப்புத்திசுச் செல்லுக்குள் செலுத்தி அதைத் தசைச் செல்லாக்கினார்கள். 2006-இல் கியோத்தோவில் ஷின்யா யமனாக்கா, எலியின் முதிர்ந்த செல்லுக்கு நான்கு காரணிகளைக் கொடுத்து அதைக் கருநிலைச் செல் போல மாற்றினார். அந்த நான்கில் ஒன்று மிக். புற்றுநோய் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிடும் அதே மிக்தான்.

ஒரு செல்லின் பிறவி அடையாளத்தையே மாற்றக்கூடிய புரதங்கள் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

பார்ப்பதற்கு முன் திசு நெடுந்தூரம் வரவேண்டும். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, பிளாக்காகி, மைக்ரோட்டோமில் 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவப்பட்டு, வெந்நீர்த் தொட்டியில் நாடாவாக மிதந்து, ஸ்லைடில் ஏறவேண்டும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடுவதால், உட்கருவுக்குள் இருக்கும் காரணியை ஆன்டிபாடி எளிதில் எட்டாது. ஸ்லைடை அதற்கான கரைசலில் கொதிக்கவைத்து அந்தக் கட்டை அவிழ்க்கவேண்டும். பெரிய நிலையங்களில் இதற்குத் தானியங்கிக் கருவிகள் உண்டு. எத்தனையோ ஆய்வகங்களில் இன்றும் பிரஷர் குக்கர்தான், அதில் கிடைக்கும் முடிவும் கவனமாகச் செய்தால் அருமையாகவே இருக்கும். 1991-இல் இந்தச் சூடேற்றும் முறை வெளிவந்திராவிட்டால், இந்தக் கட்டுரையில் வரும் ஸ்டெயின்களில் பெரும்பாலானவை மெழுகு பிளாக்கில் வேலை செய்திருக்காது. கொதிக்கும் நேரம் குறைந்தால் காரணி இருந்தும் தெரியாது. கூடினால் திசு ஸ்லைடை விட்டு உரிந்துவிடும். நல்ல டெக்னீஷியன் ஒருவரின் கை, நோயாளியின் சிகிச்சையை நேரடியாக மாற்றும் இடம் இது. அவர்களுடைய பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

நம் ஊரில் நோயாளியின் வீட்டார் மெழுகு பிளாக்கைச் சிறு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாங்களே எடுத்துக்கொண்டு வருவார்கள். கல்லீரலிலோ, முதுகெலும்பிலோ, கழுத்து நெறிக்கட்டியிலோ எடுத்த துண்டு. புற்றுநோய் என்பது உறுதி. அங்கே பிறந்ததல்ல என்பதும் உறுதி. "எங்கேயிருந்து வந்துச்சுன்னு சொல்லிடுவீங்களா டாக்டர்?" என்று கேட்கும் மகனுக்கோ மகளுக்கோ நான் தரக்கூடிய பதில் பெரும்பாலும் இந்தக் காரணிகளிடமிருந்துதான் வருகிறது. உட்கருவில் டி.டி.எஃப்-1 தெரிந்தால் நுரையீரலையோ தைராய்டையோ நினைக்கவேண்டும். சி.டி.எக்ஸ்-2 என்றால் குடல். கேட்டா-3 என்றால் மார்பகம் அல்லது சிறுநீர்ப்பை. பாக்ஸ்-8 என்றால் சிறுநீரகம், தைராய்டு, பெண் இனப்பெருக்கப் பாதை. சாக்ஸ்-10 என்றால் மெலனோமாவை விட்டுவிடக் கூடாது. எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. அதனால் ஒன்றை மட்டும் நம்பி எழுதுவதில்லை; செல்லின் வடிவம், கேராட்டின் ஸ்டெயின்கள், ஸ்கேன் எல்லாம் சேர்ந்து பேசவேண்டும். இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். டி.டி.எஃப்-1-க்கான ஆன்டிபாடிகளில் ஒன்று கல்லீரல் செல்லின் சைட்டோபிளாசத்தில் பழுப்பாக விழும். அதை நுரையீரல் என்று படித்தால் நோயாளியின் பாதையே மாறிப்போகும். உட்கருவில் இல்லாத பழுப்பு இங்கே கணக்கில் வராது.

இத்தனை தூரம் கடந்து வந்த செல், பிறந்த வீட்டின் காரணியை ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது? நெடுங்காலம் இதைப் பழைய அடையாளத்தின் மிச்சம் என்றே எண்ணியிருந்தார்கள். இப்போது தெரிவது வேறு. பல புற்றுநோய்கள் அந்தக் காரணியைச் சார்ந்தே உயிர் வாழ்கின்றன. தோலில் நிறமிச் செல்களை உருவாக்கும் மிட்ஃப் என்ற காரணியின் மரபணு, மெலனோமாக்களில் ஒரு பகுதியில் கூடுதல் படிகளாகப் பெருகியிருப்பதை 2005-இல் கண்டார்கள். 2007-இல் நுரையீரல் அடினோகார்சினோமாவில் டி.டி.எஃப்-1 மரபணுவும் அப்படியே பெருகியிருப்பது தெரிந்தது. கருவில் நுரையீரலும் தைராய்டும் உருவாகத் தவிர்க்க முடியாத புரதம் அது. அது இல்லாத எலிக்குட்டிக்குத் தைராய்டே இருக்காது. நுரையீரல் முழுமையாக உருவாகாமல் பிறந்தவுடன் இறந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைப் புற்று தன் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறது.

ஆனால் கதை இதோடு நிற்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 2011-இல் எம்.ஐ.டி.யில் டைலர் ஜாக்ஸின் ஆய்வகம் எலிகளின் நுரையீரல் புற்றுகளை ஆராய்ந்தபோது, பரவும் இயல்பு பெற்ற கட்டிகளில் இதே காரணி குறைந்துபோயிருந்தது. அது இருக்கும்வரை செல் ஓரளவு நுரையீரல் செல்லாகவே நடந்துகொள்கிறது. அது போனதும் அந்த அடையாளம் தளர்கிறது; கிளம்புவது எளிதாகிறது. ஒரே காரணி கட்டியை வளர்க்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும். ஆகவே ஒரு நுரையீரல் கட்டியின் பாதியில் டி.டி.எஃப்-1 அழுத்தமாகவும் மறுபாதியில் அறவே இல்லாமலும் தெரிந்தால், 'பாசிட்டிவ்' என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வராது. இரண்டு பாதிகளையும் எழுதுவேன். அதைப் படிக்கும் புற்றுநோய் மருத்துவர் எல்லா நேரமும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. இருந்தாலும் திசு காட்டியது காகிதத்தில் இருக்கவேண்டும்.

மார்பகத்துக்கு வருகிறேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, நாங்கள் ஈ.ஆர். என்று சொல்வது, ஹார்மோன் வந்து தொட்டவுடன் டி.என்.ஏ.யில் ஒட்டி மரபணுக்களை இயக்கும் படியெடுப்புக் காரணி. அதைப் பற்றி யாரும் அறிவதற்கு முன்பே, 1896-இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதைப் பதிவு செய்தார். காரணம் விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து, கருப்பை போன்ற குறிப்பிட்ட திசுக்களில் மட்டும் அது தங்குவதைக் காட்டினார். 1973-இல் பிரிட்டனில் இந்த ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. இன்று உலக அளவில் மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு ஈ.ஆர். பாசிட்டிவ். நூறு கட்டிச் செல்களில் ஒன்றின் உட்கருவில் பழுப்பு இருந்தாலும் பாசிட்டிவ் என்பது 2010 முதல் உள்ள விதி; 1 முதல் 10 சதவீதம் வரை 'குறைந்த அளவு பாசிட்டிவ்' என்று தனியே குறிக்கச் சொன்னது 2020-இன் திருத்தம்.

அந்த ஒரு சதவீதத்துக்கு உயிர் இருக்கிறது. ஆகவேதான் அறுவை அரங்கிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறோம்: எடுத்த கட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போகவேண்டும், நடுவில் அறுத்துத் திறந்து போடவேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவேண்டும். வெளியே காத்துக்கிடந்த திசுவில் இந்தப் புரதம் சிதையத் தொடங்கிவிடும். ஸ்லைடில் நெகட்டிவ் என்று தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது கட்டியை அல்ல. அதே துண்டில் இருக்கும் நல்ல பால்நாளங்களை. அவற்றில் அங்கங்கே பழுப்பு விழுந்திருக்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் குறை திசுவைப் பதப்படுத்தியதில் இருக்கலாம். இன்னொரு பிளாக்கில் மறுபடி பார்க்காமல் நெகட்டிவ் என்று கையெழுத்திடக் கூடாது. ஒரு பெண்ணுக்குப் பல ஆண்டுகளுக்கு மாத்திரை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

மருந்து கொடுத்தபின் கட்டி என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளின் கீழ் சில ஆண்டுகள் வாழ்ந்த புற்று, ஏற்பியின் 537 அல்லது 538-ஆம் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு, ஹார்மோன் இல்லாமலே வேலை செய்யும் வடிவத்துக்குப் போய்விடும். ஸ்லைடில் அது அதே பழுப்புதான். ஹார்மோனுக்குக் காத்திருக்கும் ஏற்பியையும் காத்திருப்பை விட்டுவிட்ட ஏற்பியையும் என் நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும்.

பி53-இல் நிலைமை தலைகீழ். அங்கே பழுப்பின் விதமே பிறழ்வைச் சொல்லிவிடும். 1979-இல் டேவிட் லேன், ஆர்னால்ட் லெவைன் உள்ளிட்டோரின் குழுக்கள் தனித்தனியே இந்தப் புரதத்தைக் கண்டபோது, இது புற்றைத் தூண்டுவது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஆய்வகங்கள் அறியாமலே பிறழ்ந்த வடிவத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தன. 1989-இல்தான் இது புற்றைத் தடுப்பது என்று உறுதியானது. டி.என்.ஏ. சேதமடைந்தால் செல்பிரிதலை நிறுத்தும், பழுதுபார்க்கச் செய்யும், முடியாதபோது செல்லைச் சாகவைக்கும் மரபணுக்களை இயக்குவது இந்தக் காரணிதான். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இது பிறழ்ந்திருக்கிறது.

நலமான செல்லில் பி53 உருவான சிறிது நேரத்தில் அழிக்கப்பட்டுவிடும். அழிப்பது எம்.டி.எம்-2 என்ற புரதம். அதை உருவாக்கச் சொல்வதும் பி53-தான். எனவே நல்ல திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில வெளிறியும் சில அழுத்தமாகவும் பழுப்பு தெரியும். பிறழ்ந்த பி53 டி.என்.ஏ.யைச் சரியாகப் பிடிக்க முடியாததால் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. புரதம் அழியாமல் குவிகிறது. அப்போது கட்டிச் செல் ஒன்று விடாமல் கன்னங்கரிய பழுப்பில் நிற்கும். அடர்த்தி கூடினால் காவல் கூடியிருக்கிறது என்று முதலாண்டு மாணவர்கள் நினைப்பார்கள், நேர்மாறு. நான்கு பி53 சேர்ந்துதான் டி.என்.ஏ.யைப் பிடிக்கும் என்பதால், பிறழ்ந்தது கூட்டணியில் புகுந்து நல்லதையும் செயலிழக்கச் செய்யும்.

மூன்றாவது விதம் ஒன்று உண்டு, அதைக் காண்பதற்குப் பழக்கம் வேண்டும். மரபணு நடுவில் அறுபட்டுப் புரதமே உருவாகாதபோது கட்டிச் செல்கள் முழுக்க நீலமாக இருக்கும், ஒரு துளிப் பழுப்பும் இராது. அவசரத்தில் பார்த்தால் 'நெகட்டிவ், பிறழ்வில்லை' என்று தோன்றும். கட்டிக்கு நடுவே ஓடும் இணைப்புத்திசுச் செல்லிலும் லிம்ஃபோசைட்டிலும் மெல்லிய பழுப்பு இருக்கிறதா என்று தேடவேண்டும். அங்கே இருந்து, கட்டியில் மட்டும் அறவே இல்லையென்றால், அந்த வெறுமைதான் பிறழ்வு. சூலகத்தின் உயர்நிலை சீரஸ் கார்சினோமாவில் ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் பி53 பிறழ்ந்திருக்கும் என்பதால், அங்கே அழுத்தமான பழுப்பும் முழு வெறுமையும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. பி53-ஐ இளையவர்களுக்குக் கற்பிக்கும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இந்த வெறுமையில்தான்.

சில புற்றுகளில் காரணி தன் இடம் மாறுகிறது அல்லது இன்னொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வளரும் கட்டிகளை 1958-இல் டெனிஸ் பர்கிட் விவரித்தார். பெரும்பாலான பர்கிட் லிம்ஃபோமாக்களில், எட்டாம் குரோமோசோமில் இருக்கவேண்டிய மிக் மரபணு பதினான்காம் குரோமோசோமுக்குப் போய், ஆன்டிபாடி உருவாக்கும் மரபணுவின் பக்கத்தில் அமர்ந்துவிடுகிறது என்பது 1982-இல் தெரிந்தது. பி செல்லில் எப்போதும் படிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் பகுதி அது. மிக்கும் ஓய்வின்றி உருவாகிறது. யூயிங் சார்கோமாவில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, இயற்கையில் இல்லாத புதிய காரணியே பிறக்கிறது. புரோஸ்டேட் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் ஆண் ஹார்மோனுக்கு இணங்கும் ஒரு மரபணுவின் முன்பகுதி ஈ.ஆர்.ஜி. என்ற காரணியோடு ஒட்டியிருப்பதை 2005-இல் மிச்சிகனில் அருள் சின்னையன் குழு கண்டது.

இவற்றுள் என் மனதுக்கு நெருக்கமானது ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்று. பதினைந்தாம், பதினேழாம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, வைட்டமின் ஏ வகை அமிலத்துக்குக் கட்டுப்படும் காரணி ஒன்று வேறொரு புரதத்தோடு இணைந்துவிடுகிறது. ரத்த அணு முதிராமல் பாதியிலேயே நிற்கிறது. ரத்தப்போக்கால் நோயாளி முதல் சில நாட்களிலேயே இறந்துபோகக்கூடிய நோய். 1980களில் ஷாங்காயில் வாங் சென்யி குழு அந்த அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தது. நின்றுபோன அணுக்கள் முதிர்ந்தன. பின்னர் ஆர்செனிக் சேர்ந்தது. 2013-இல், வழக்கமான கீமோதெரபி இல்லாமல் இந்த இரண்டை வைத்தே குணப்படுத்த முடியும் என்று இத்தாலியும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. ரத்த ஸ்மியரில் இந்த நோய்க்குரிய முரட்டுத் துகள்களையும் ஊசிக் கற்றைகளையும் கண்டால், மரபணு முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே வார்டுக்கு ஃபோன் செய்வது எங்கள் கடமை. முதல் மாத்திரை அன்றே கொடுக்கப்படவேண்டும்.

படியெடுப்புக் காரணிகளை மருந்தால் தொட முடியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஹார்மோன் ஏற்பிகளைப் போல மருந்து நுழைந்து உட்காரப் பள்ளம் பெரும்பாலானவற்றில் இல்லை, அதுவே காரணம். ஆனால் சிறுநீரகத்தின் தெளிசெல் கார்சினோமாவைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் தலைதூக்கவேண்டிய ஹிஃப் என்ற காரணி, வி.எச்.எல். மரபணு கெட்டுப்போனதால் எப்போதும் விழித்திருந்து ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டியில் நாங்கள் காணும் மெல்லிய குழாய்ப் பின்னல் அதன் வேலைதான். ஆக்சிஜனைச் செல் உணரும் வழியைக் கண்ட செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. அந்தக் காரணியின் ஒரு வகையான ஹிஃப்-2-இன் பள்ளத்தில் போய் அமரும் பெல்சூட்டிஃபான் என்ற மருந்து 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனிப் பரவுதல். இதைப் பார்க்க ஸ்டெயின் கூடத் தேவையில்லை. கட்டியின் விளிம்பு போதும். கன்னம், நாக்கு என்று வாய்ப்புற்று நம்மிடம் மிகுதி. குடல் புற்றும் வருகிறது. கட்டியின் நடுவில் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கூட்டமாக, சுரப்பியாக இருக்கும். விளிம்புக்கு வரும்போது சில கட்டிகளில் அந்தப் பிடி விடுபடுகிறது. ஒற்றைச் செல்லாக, இரண்டு மூன்றாகப் பிரிந்து இணைப்புத்திசுவுக்குள் இறங்குகின்றன. செல்களைப் பிணைத்து வைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்தின் மரபணுவை ஸ்னெய்ல் என்ற காரணி மூடிவிடுகிறது என்று 2000-இல் ஸ்பெயினின் இரண்டு குழுக்கள் காட்டின. 2004-இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம், ட்விஸ்ட் என்ற காரணியை அடக்கினால் எலியின் மார்பகப் புற்று நுரையீரலுக்குப் போவது வெகுவாகக் குறைவதைக் கண்டது. இரண்டுமே பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்தபோது தெரியவந்தவை. கருவில் செல்கள் அடுக்கை விட்டு நகர்ந்து, உரிய இடம் போய்ச் சேர இவை வேண்டும். நம் எல்லோரையும் உருவாக்கிய அதே நகர்வை, பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் புற்று மீண்டும் இயக்குகிறது.

இந்த விளக்கம் முழுமையானது என்று நான் நம்பவில்லை. 2015-இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள், இந்த நகர்வுநிலை இல்லாமலும் பரவல் நடக்கலாம், மருந்தைத் தாங்கும் சக்திக்கே அது அதிகம் தேவைப்படுகிறது என்று வாதிட்டன; விவாதம் தொடர்கிறது. என் மேசையில் நான் காண்பது இரு தரப்புக்கும் இடம் கொடுக்கிறது. விளிம்பில் சிதறியிருந்த குடல் புற்று, நெறிக்கட்டியில் போய்ச் சேர்ந்தபின் மறுபடி அழகான சுரப்பிகளாகத்தான் நிற்கிறது. ஈ-கேடெரின் மீண்டும் சவ்வில் தெரிகிறது. சிதறியது உண்மையென்றால், சேர்ந்த இடத்தில் கூடியதும் உண்மை. சிதறலை நடத்திய காரணி அங்கே அடங்கியிருக்கவேண்டும். ஒரு செல் இரண்டு நிலைகளுக்கும் இடையே போய்வருகிறது என்றும், பல செல்கள் பாதிவழியில் நிற்கின்றன என்றும் கொள்வதுதான் திசுவோடு பொருந்துகிறது.

ஸ்னெய்லுக்கும் ட்விஸ்டுக்கும் ஆன்டிபாடிகள் உண்டு. ஆனால் எந்த ரிப்போர்ட்டிலும் அவற்றை வழக்கமாக எழுதுவதில்லை. விளிம்பில் கொஞ்ச நேரம் எழுந்து அடங்குவதைப் பிடித்து, ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாத அளவீடாக்குவது இன்னும் கைகூடவில்லை. அதுவரை அவற்றின் விளைவை எண்ணுகிறோம். குடல் புற்றில் 2016-இன் பன்னாட்டு உடன்பாட்டின்படி, சாதாரண இளஞ்சிவப்பு–நீல ஸ்லைடில், ஊடுருவும் விளிம்பில் மிகுதியாகச் சிதறிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் தனித்து நிற்கும் ஒற்றைச் செல்களையும் நான்கு வரையான செல்கூட்டங்களையும் எண்ணவேண்டும். நான்கு வரை குறைவு, ஐந்து முதல் ஒன்பது வரை நடுத்தரம், பத்தும் மேலும் அதிகம். எண்ணும்போது அழற்சிச் செல்களைப் புற்றுச் செல் என்று சேர்த்துவிடாமலும், சுரப்பி உடைந்த துண்டுகளைச் சிதறலாக எடுக்காமலும் இருக்கவேண்டும். சந்தேகமான பரப்பை இன்னொருவரும் தனியாக எண்ணுவது நல்லது. கொலோனோஸ்கோப்பி வழியே எடுத்த தொடக்கநிலைப் புற்றில் அந்த எண் ஐந்தை எட்டினாலே, நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மற்ற அபாயக் குறிகளோடு சேர்த்துப் பார்த்து, குடலின் அந்தப் பகுதியையே வெட்டியெடுக்க வேண்டுமா என்று அறுவை மருத்துவர் நோயாளியிடம் பேசுவார். ஆகவே 'சிதறல் உண்டு' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஸ்லைடில் எத்தனை எண்ணினேன் என்பதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.